94 நாட்களுக்குப் பிறகு மகள் வீட்டுக்கு வருகிறாள்: மானிட்டர் இல்லாமல் எப்படித் தூங்குவது?

கண்விழிப்பு | செவ்வாய், இரவு 11.40

வணக்கம். எங்கள் மகள் 27ஆவது வாரத்தில் பிறந்தாள். பிறந்தபோது 940 கிராம். இன்று 91ஆவது நாள். கணக்குப்படி இன்றுதான் அவள் பிறந்திருக்க வேண்டிய நாள். வெள்ளிக்கிழமை, 94ஆவது நாளில், வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இப்போதைய எடை 2 கிலோ 710 கிராம். மூச்சைத் தூண்டுவதற்காகக் கொடுத்துவந்த காஃபின் மருந்தை நிறுத்தி மூன்று வாரமாகிறது. கடைசியாக மூச்சு நின்றது 12 நாட்களுக்கு முன். ஆக்சிஜன் தேவையில்லை, குழாய் இல்லை, பாலைத் தானே குடிக்கிறாள்.

எல்லோரும் "மகிழ்ச்சியாக இருப்பீர்களே" என்கிறார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. 91 நாட்களாக நான் பார்த்துப் பழகியது அவள் மூச்சையும் இதயத் துடிப்பையும் காட்டும் அந்த மானிட்டர் திரையைத்தான். இரத்தத்தின் ஆக்சிஜன் எண் 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கும், யாராவது ஓடி வருவார்கள். மகளை நெஞ்சில் வைத்திருக்கும்போதும் கண் திரையில்தான் இருக்கும். நேற்று ஒரு சிஸ்டர் மானிட்டரை என் முதுகுப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "இனிக் குழந்தையைப் பாருங்கள்" என்றார். சுருக்கென்று கோபம் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு யார் ஓடி வருவார்கள்? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மூன்றாம் தளம் | புதன், காலை 6.15

தம்பி, என் மகன் 26 வாரத்தில் பிறந்து 107 நாட்கள் உள்ளே இருந்தவன். இப்போது ஐந்து வயது. நேற்று சோபாவின் மேலிருந்து குதித்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்து நிற்கிறான்.

முதல் இரவு நாங்கள் இருவருமே கண்ணை மூடவில்லை. மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்போம். சந்தேகம் தீராமல் உள்ளங்காலைச் சுண்டுவோம். அவன் வீறிட்டு அழுதால் எங்களுக்கு நிம்மதி! நான்கு நாளில் மூன்று பேருமே துவண்டுபோனோம். பிறகுதான் முறை வைத்துக்கொண்டோம்: இரவு 9 முதல் 2 வரை அவர், 2 முதல் 7 வரை நான். முறை இல்லாதவர் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். கதவைச் சாத்துவதுதான் முக்கியம். ஒரே அறையில் படுத்துக்கொண்டு "நான் தூங்குகிறேன்" என்றால் அது பொய்.

யாரும் எங்களுக்குச் சொல்லாத ஒன்று: வீட்டின் அமைதியே அவனுக்குப் பிடிக்கவில்லை. 107 நாட்கள் அலாரம், காலடிச் சத்தம், பகலா இரவா என்று தெரியாத வெளிச்சம் என்று வளர்ந்தவன். விளக்கை அணைத்து, மூச்சுவிடக்கூடப் பயந்து நாங்கள் உட்கார்ந்திருக்க, அவன் கண்ணை உருட்டி விழித்துக்கொண்டிருப்பான். சிறு விளக்கை ஏற்றிவிட்டு, பக்கத்து அறையில் சாதாரணக் குரலில் பேசத் தொடங்கியதும் உறங்கினான். பத்து நாட்களில் வெளிச்சத்தையும் சத்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம்.

இன்னொன்று மருந்து. இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் வைட்டமின் டியும் எழுதித் தருவார்கள். வார்டில் கொடுத்த மருந்தும் கடையில் கிடைக்கும் மருந்தும் ஒரே அடர்த்தியில் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பெயர் ஒன்றாக இருக்கும், ஒரு மில்லிலிட்டரில் உள்ள அளவு மாறும். வாங்கிய புட்டியையும் சிரிஞ்சையும் வெள்ளிக்கிழமைக்கு முன்பே வார்டுக்குக் கொண்டுபோய், சிஸ்டர் முன்னால் நீங்களே ஒரு முறை அளந்து காட்டுங்கள். எங்களுக்கு இதில் ஒரு தவறு நேர இருந்தது, மருந்தாளுநர் பிடித்தார்.

கண் பரிசோதனைத் தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் வளர்ந்து முடியும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சிக்கல் தெரிந்தால் சில நாட்களுக்குள் சிகிச்சை செய்தாக வேண்டியிருக்கும். "பையன் நன்றாகத்தானே இருக்கிறான், அடுத்த வாரம் போகலாம்" என்று ஒரு தேதியைத் தள்ளிப்போட இருந்தேன். நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

---

இரவுப்பணி | புதன், காலை 8.50

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 16 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். மானிட்டரைத் திருப்பி வைத்த சிஸ்டர் மீது கோபப்படாதீர்கள் ஐயா. நானும் அதைத்தான் செய்வேன். சிலர் என்னிடம் வாய்விட்டே கோபப்பட்டிருக்கிறார்கள், பரவாயில்லை.

திரை உங்களுக்கு எண்களைச் சொன்னது. நீங்கள் இனிப் பார்க்க வேண்டியவை வேறு.

மூச்சு: இந்த வயதில் கடிகாரம் போல மூச்சு வராது. வேகமாகச் சில மூச்சுகள், பிறகு ஐந்து அல்லது பத்து விநாடி ஒன்றுமில்லை, மறுபடி மூச்சு. நிறம் மாறாமல் உடல் துவளாமல் இருந்தால் இது இயல்புதான். 20 விநாடியோ அதற்கு மேலோ நின்றால், அல்லது குறைந்த நேரமே ஆனாலும் நிறம் நீலமாகவோ சாம்பலாகவோ மாறினால், உடல் துவண்டால், அது வேறு விஷயம். முதுகைத் தேய்த்து எழுப்ப வேண்டும். எழவில்லை என்றால் முதலுதவி மூச்சு, அவசர உதவிக்கு அழைப்பு. இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் பொம்மையின் மீது செய்து பழகக் கேளுங்கள். நீங்கள் இருவரும், வீட்டில் உதவிக்குத் தங்கப்போகிறவரும்.

நிறத்தை உதட்டிலும் நாக்கிலும் பாருங்கள். கையும் காலும் குளிரில் சற்று நீலம் தட்டும், அதைப் பார்த்து அலற வேண்டாம். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் உள்ளே இழுக்கிறதா, மூக்குத் துளைகள் விரிகின்றனவா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கையான அடையாளம் பால் குடிப்பதுதான். நேற்றுவரை சுறுசுறுப்பாகக் குடித்த குழந்தை இன்று இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு உறங்கினால், அடுத்த வேளையும் அப்படியே என்றால், காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள். நாளுக்கு ஆறு டயப்பராவது நனைய வேண்டும். காய்ச்சல் 38 டிகிரி என்றால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்கும் வேலையே வேண்டாம், உடனே மருத்துவமனை. உடம்பு 36.5க்குக் கீழே குளிர்ந்தால் நெஞ்சோடு தோல்படச் சேர்த்து அணைத்துப் போர்த்துங்கள். சூடேறவில்லை என்றால் அதுவும் அவசரம்தான்.

இன்னும் இரண்டு இரவு இருக்கிறது. மருத்துவமனையிலேயே ஒரு தனி அறையில் குழந்தையோடு நீங்கள் இருவர் மட்டும் தங்க முடியுமா, மானிட்டரை அணைத்துவிட்டு, என்று கேளுங்கள். பல இடங்களில் தருகிறார்கள். கேட்காவிட்டால் சில இடங்களில் தர மறந்துவிடுகிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை | புதன், மதியம் 1.05

30 வார இரட்டையரின் தந்தை. குழந்தையின் காலில் காலுறை போல மாட்டும் கருவி கடையில் கிடைக்கிறது. இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் கைப்பேசியில் காட்டும். இரண்டு வாங்கினோம். அது இல்லாவிட்டால் என் மனைவி அந்த மாதத்தைத் தாண்டியிருக்க மாட்டாள். "திரையை மறந்துவிடுங்கள்" என்று சொல்வது எளிது, சிஸ்டர். இரவு மூன்று மணிக்கு நீங்கள் எங்கள் வீட்டில் இல்லை.

---

இரவுப்பணி | புதன், மதியம் 2.20

இல்லைதான். ஒன்று கேட்கிறேன், கோபம் வேண்டாம். அந்த மாதத்தில் எத்தனை முறை அலாரம் அடித்தது?

---

கணக்குப்பிள்ளை | புதன், மதியம் 2.41

என் பெயரே கணக்குப்பிள்ளை, எழுதி வைக்காமல் இருப்பேனா? 23 முறை. 19 முறை காலுறை நழுவியிருந்தது, நான்கு முறை கைப்பேசித் தொடர்பு அறுந்தது. 23 முறையும் நாங்கள் ஓடிப்போய் நின்றபோது இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் போய் எழுப்பினோம்.

சரி, எழுதிப் பார்க்கும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. ஆனாலும் வாங்கியதற்கு வருந்தவில்லை.

---

இரவுப்பணி | புதன், மதியம் 3.00

வருந்தச் சொல்லவும் இல்லை. மருத்துவரே மூச்சு மானிட்டரை எழுதித் தந்து அனுப்பும் குழந்தைகள் உண்டு, அவர்கள் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். கடைக் கருவிகள் தொட்டில் மரணத்தை, அதாவது தூக்கத்தில் குழந்தை திடீரென இறப்பதை, தடுக்கும் என்று நிரூபணமாகவில்லை. குழந்தையை மல்லாத்திப் படுக்கவைப்பதும், சமமான உறுதியான படுக்கையும், அதில் தலையணை, பொம்மை, தளர்ந்த போர்வை எதுவும் இல்லாமல் இருப்பதும், வீட்டில் யாரும் புகைக்காமல் இருப்பதும் ஆபத்தைக் குறைக்கும். கருவி வாங்கினாலும் இவற்றில் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள்.

---

வேப்பநிழல் | புதன், மாலை 4.30

எங்கள் மகளை மருத்துவமனையில் குப்புறத்தான் படுக்கவைத்தார்கள். அப்படிப் படுத்தால் ஆக்சிஜன் நன்றாக ஏறும் என்று அவர்களே சொன்னார்கள். வீட்டிலும் அப்படியே தொடரலாமே?

---

இரவுப்பணி | புதன், மாலை 4.38

வேண்டவே வேண்டாம். அங்கே குப்புறப் படுத்தபோது உடம்பில் மானிட்டர் ஒட்டியிருந்தது, நாங்கள் பக்கத்தில் இருந்தோம். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்குத் தூக்கத்தில் திடீர் மரண ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். குப்புறப் படுப்பது அதை இன்னும் கூட்டும். அதனால்தான் டிஸ்சார்ஜுக்குச் சில வாரங்கள் முன்பே மல்லாத்திப் படுக்கவைத்துப் பழக்க வேண்டும். சில வார்டுகளில் கடைசி நாள்வரை பழைய வழக்கத்தையே விட்டுவிடுகிறார்கள், பெற்றோர் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள். அது எங்கள் பக்கத் தவறு. குப்புறப் போடுவது விழித்திருக்கும்போது, நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும்.

---

பழைய வீடு | புதன், இரவு 8.10

நான் பாட்டி. பெற்றோர் பேசும் இடத்தில் வந்து பேசுவதற்கு மன்னிக்கவும்.

என் பேரன் 31 வாரத்தில் பிறந்தவன். 48 நாட்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மகள் போட்ட முதல் உத்தரவு: கையைக் கழுவுங்கள், முத்தம் கொடுக்காதீர்கள், இருமல் என்றால் வராதீர்கள். மூன்று பிள்ளை பெற்று வளர்த்தவளிடம் சொல்கிறாளே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் என் மருமகன் வந்து உட்கார்ந்து, பெரியவர்களுக்கு வெறும் சளியாகப் போகும் கிருமி இந்த நுரையீரலில் இறங்கினால் திரும்பவும் மூச்சுக்கருவிதான் என்று விளக்கினார். அதை முதல் நாளே இப்படிச் சொல்லியிருக்கலாம். நாங்கள் மூவரும் சளிக்காய்ச்சலுக்கும் கக்குவான் இருமலுக்கும் தடுப்பூசி போட்டுக்கொண்டோம்.

பிறகு எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். மதியம் இரண்டு மணி நேரம், குளித்துவிட்டு வந்து, பேரனை நெஞ்சோடு தோல்படக் கட்டிக்கொள்வேன். கங்காரு பராமரிப்பு என்று பெயராம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கினாராம். அந்த இரண்டு மணி நேரத்தில் என் மகள் உறங்குவாள். எங்களைப் போன்றவர்களுக்கு "தொடாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வேலையைக் கொடுங்கள்.

---

குழாயும் நானும் | புதன், இரவு 9.45

ஆக்சிஜனோடு வீட்டுக்கு வருபவர்கள் யாராவது இதைப் படித்தால்: குழாய் நீளமாக இருக்கும், முதல் வாரத்தில் நீங்கள் நான்கு முறை தடுக்கி விழுவீர்கள். அது இருக்கும் அறையில் தீ, அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. கன்னத்தில் ஒட்டும் பட்டையை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டினால் தோல் உரியும். என் மகனுக்கு நான்கு மாதத்தில் கழற்றினார்கள். கன்னத்தில் இருந்த அச்சுக்கூட இப்போது இல்லை.

---

அவளுடைய அம்மா | புதன், இரவு 11.55

"கண்விழிப்பு" என் கணவர். இந்த இழையை இப்போதுதான் காட்டினார். அவருக்கு மானிட்டர் பயம். எனக்கு வேறொன்று இருக்கிறது, அதை அவரிடம்கூடச் சொல்லவில்லை. இங்கே படித்துக்கொள்ளட்டும்.

அவளை வளர்த்தது சிஸ்டர்கள்தான். எந்தப் பக்கம் சாய்த்தால் பால் குடிப்பாள், எந்த அழுகை பசி, எந்த அழுகை வயிறு என்று அவர்களுக்குத் தெரியும். நான் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை பம்ப் வைத்துப் பால் எடுத்து, புட்டியில் தேதி எழுதிக் கொடுத்தேன். அவ்வளவுதான். 91 நாட்களாக என் மகளைத் தொடும் முன் "தொடலாமா" என்று கேட்டிருக்கிறேன். முந்தாநாள் டயப்பர் மாற்றும்போது பக்கத்தில் யாருமே இல்லை, அப்போதும் கேட்டேன். காற்றிடம்.

வெள்ளிக்கிழமை வாசலைத் தாண்டும்போது யாராவது ஓடி வந்து, "நில்லுங்கள், அது எங்கள் குழந்தை" என்று வாங்கிக்கொள்வார்கள் போல ஓர் எண்ணம் வந்துகொண்டே இருக்கிறது. அதில் பாதி பயம், பாதி... எழுத முடியவில்லை.

---

மூன்றாம் தளம் | வியாழன், அதிகாலை 4.50

எழுத முடியாத அந்த மறுபாதி எனக்குத் தெரியும் அம்மா. வாங்கிக்கொண்டால் தேவலை என்றுகூடத் தோன்றும். எனக்குத் தோன்றியது. அதற்காக யாரும் உங்களைத் தண்டிக்கப் போவதில்லை.

எனக்கு அவன் மீது பாசம் நிரம்பி வழிந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் வீட்டுக்கு வந்து ஒன்றரை மாதம்வரை எனக்கு இருந்தது கடமைதான். மருந்து, பால், டயப்பர், எடை. பிறகு ஒரு நாள் டயப்பர் மாற்றும்போது என் மேலேயே மூத்திரம் பெய்துவிட்டுக் கொட்டாவி விட்டான். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நோயாளி மீது வராத, ஒரு பிள்ளை மீது மட்டுமே வரக்கூடிய கோபம். அன்றைக்குத்தான் அவன் என்னுடையவன் ஆனான்.

ஆனால் எனக்கு அதோடு முடியவில்லை. மாதக்கணக்கில், ஒரு லாரி பின்னால் வரும்போது எழுப்பும் ஒலியைக் கேட்டாலே வியர்த்துக்கொட்டும். மனநல மருத்துவரிடம் ஆறு மாதம் தாமதமாகப் போனேன். முன்பே போயிருக்க வேண்டும். உங்கள் கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அங்கே வாசலில் தைரியமாக நின்ற அப்பாக்கள் பின்னால் நொறுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

---

இரவுப்பணி | வியாழன், காலை 7.30

அவளுடைய அம்மா, இன்று வார்டுக்குப் போனதும் சிஸ்டரிடம் ஒன்று சொல்லுங்கள்: "நாளைவரை நீங்கள் கையைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாவற்றையும் நான் செய்கிறேன்." பால், மருந்து, குளியல், வெப்பநிலை, எல்லாம். தடுமாறினால் அவர் வாயால் சொல்லட்டும், கையால் தொட வேண்டாம். எந்தப் பக்கம் சாய்த்தால் குடிப்பாள் என்பது எங்களுக்குப் பிறவியிலேயே தெரிந்த வித்தை இல்லை, எட்டுப் பத்து முறை தவறாகச் சாய்த்துத்தான் கண்டுபிடித்தோம்.

---

கணக்குப்பிள்ளை | வியாழன், காலை 10.15

ஒரு சிறு குறிப்பு, பலரும் குழம்புவது. வளர்ச்சியை அளக்கத் திருத்திய வயது: பிறந்த நாளிலிருந்து கணக்கிட்டு, உங்கள் மகள் முன்கூட்டிப் பிறந்த 13 வாரத்தைக் கழியுங்கள். இரண்டு வயதுவரை அப்படித்தான். தடுப்பூசிக்குக் கழிக்கக் கூடாது, பிறந்த தேதிதான் கணக்கு. எங்கள் உறவினர் ஒருவர் ஊசிக்கும் கழித்துவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தார். தெருவில் யாராவது "எத்தனை மாதம்?" என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அவர்கள் நினைவில் வைக்கப்போவதில்லை.

---

கண்விழிப்பு | சனி, அதிகாலை 5.10

வந்துவிட்டோம். என் முறை இது. அவள் அம்மா பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு உறங்குகிறாள். வியாழன் இரவு மருத்துவமனையில் தனி அறை கிடைத்தது, கேட்டதால்தான்.

இரண்டு மணிக்கு உட்கார்ந்தேன். சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன், குழந்தையைப் பார்க்காமல் எதிர்ச்சுவரில் மானிட்டர் இருந்திருக்க வேண்டிய உயரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ஒரு நாட்காட்டி தொங்குகிறது. நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

3.20க்கு மூச்சு நின்றது. எண்ணினேன். ஒன்று, இரண்டு... எட்டு. உதட்டைப் பார்த்தேன், சிவப்பாகவே இருந்தது. ஒன்பதில் மூச்சு விட்டாள். எனக்குத்தான் அதற்குப் பிறகு சிறிது நேரம் வரவில்லை.

ஒரு கேள்வி. இவ்வளவு சத்தம் போடுவாளா? முனகுகிறாள், முக்குகிறாள், கதவு கிறீச்சிடுவதுபோல ஏதோ செய்கிறாள். கண் மூடித்தான் இருக்கிறது.

---

இரவுப்பணி | சனி, காலை 5.25

பணியில் இருக்கிறேன், சுருக்கமாக. குறைமாதத்தில் பிறந்தவர்கள் தூக்கத்தில் பெரும் சத்தக்காரர்கள். வார்டின் இரைச்சலில் உங்களுக்குக் கேட்டிருக்காது. விட்டுவிட்டு வரும் முனகலும் நெளிதலும் பரவாயில்லை. ஒவ்வொரு மூச்சை வெளிவிடும்போதும் தவறாமல் முனகல் வந்தால், கூடவே விலா உள்ளே இழுத்தால், உடனே கிளம்புங்கள்.

எட்டு விநாடிக்கு அவளை எழுப்பாமல் இருந்தீர்களே, அது பெரிது.

---

அவளுடைய அம்மா | ஏழு வாரம் கழித்து

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். எடை 4 கிலோ 150 கிராம். விழித்திரைக் குழாய்கள் வளர்ந்து முடிந்தன, கண் மருத்துவர் இனி ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார். இடது பக்கம் சாய்த்தால் குடிப்பாள், இப்போது எனக்குத் தெரியும். எடை பார்க்கப் போன இடத்தில் ஒரு சிஸ்டர் தூக்கியபோது "தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள்" என்று அதட்டிவிட்டேன். அவர் சிரித்தார்.

தொடையிடுக்கில் குடலிறக்கம் இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அடிக்கடி வருவதுதானாம். அடுத்த புதன்கிழமை சிறு அறுவைச் சிகிச்சை. மயக்க மருந்துக்குப் பிறகு இவர்களுக்கு மூச்சு நிற்க வாய்ப்பு இருப்பதால் ஓர் இரவு மானிட்டரோடு உள்ளே இருக்க வேண்டும். மறுபடி அதே தளம்.

---

கண்விழிப்பு | அதே நாள், இரவு 10.02

திரைக்கு முதுகு காட்டி உட்காருவதுபோல ஒரு நாற்காலி போடச் சொல்லிக் கேட்டு வைத்திருக்கிறேன்.

---

அவளுடைய அம்மா | அதே நாள், இரவு 10.06

திரும்பிப் பார்ப்பார். எனக்குத் தெரியும்.